கோவளத்தில் அலை ஏறப் போகிறாயா? முதலில் கடலைப் படி!

தங்கச்சி,

"அக்கா, சர்ஃபிங் கத்துக்கணும். எந்த ஞாயித்துக்கிழமை கோவளம் போகலாம்?" என்று கேட்கிற பெண்கள் இப்போது நிறைய. கேட்கும்போதே மனசு நிறைந்துபோகிறது. "முட்டிவரைக்கும் தண்ணி, அதுக்கு மேல போகாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அந்த அதட்டலில் பாசம் இருந்தது. ஆனால் எந்தக் கடலுக்குப் பயப்பட வேண்டும், எந்தக் கடலில் தைரியமாக இறங்கலாம் என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தரவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பலகையில் எழுந்து நிற்கச் சொல்லித்தர கோவளத்தில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மீனவரான மூர்த்தி மேகவனும் தொழிலதிபர் அருண் வாசுவும் சேர்ந்து 2012-ல் தொடங்கிய சர்ஃபிங் பள்ளிக்குப் பிறகு, அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் பயிற்சியாளர்களாகிவிட்டார்கள். நிற்கவும் விழவும் கற்றுத்தருவது அவர்கள் பாடு. அதற்கு முந்தின பாடம் ஒன்று இருக்கிறது: இன்றைக்கு இறங்கலாமா, வேண்டாமா என்று நீயே தீர்மானிப்பது. அதை மணலில் நின்றே கற்கலாம். அது தெரிந்த பெண்ணை யாரும் கடலில் இருந்து விரட்டவும் முடியாது, கடலுக்குள் தள்ளவும் முடியாது.

நான் சொல்வது கேரளத்துக் கோவளம் இல்லை. சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 40 கிலோமீட்டர், தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் இருக்கிற நம்ம கோவளம்.

1. மாதத்தைப் பார்

கோவளம் கிழக்கு பார்த்த கரை. வருடம் முழுக்க ஒரே கடல் அங்கே இருக்காது. வருடத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாடை தணிந்து, கடல் அடங்கும் காலம். பல நாள் அலை முழங்கால், இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். தேறினவர்களுக்கு இது அலுப்பான பருவம். முதன்முறை பலகையில் படுக்கப்போகிற உனக்கு இதுதான் பொன்னான பருவம். உன் முதல் பாடத்தை இங்கே வை. காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு வைத்துக்கொண்டால் கரையும் காலியாக இருக்கும்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை: தெற்கத்தி அலைக்காலம். அண்டார்டிகாவை ஒட்டிய தெற்குக் கடலில் புயல்கள் கிளப்பிவிடுகிற அலை, ஒரு வாரம் போலப் பயணம் செய்து வங்காள விரிகுடாவுக்குள் வருகிறது. குறுக்கே இலங்கை நிற்பதால், தென்மேற்கிலிருந்து வருகிற அலையில் பெரும்பகுதி நமக்கு வந்து சேராது. தெற்கு, தென்தென்கிழக்குப் பக்கமிருந்து வருவதே முழு வலுவோடு வரும். நேர்த்தியான, இடைவெளி விட்டு வரிசையாக வரும் அலை இந்தக் காலத்துக்கே உரியது. 2023-ல் மாமல்லபுரத்தில் நடந்த சர்வதேச சர்ஃபிங் போட்டியும், இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பும் ஆகஸ்ட் மாதத்தில் நடந்ததை இதோடு பொருத்திப் பார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கும். அலை பெரிதாக இருக்கும், ஆனால் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு, கலங்கலாக, ஒழுங்கில்லாமல் வரும். புயல் பருவமும் இதுதான். பழகினவர்களே நாள் பார்த்து இறங்குகிற காலம். புதிதாகக் கற்பவள் என்றால் இந்த மூன்று மாதத்தை நீச்சல் குளத்தில் செலவிடு.

2. கடிகாரத்தைப் பார்

அலையைச் செதுக்குவது காற்று. கரையிலிருந்து கடலுக்கு வீசினால் அலையின் முகம் வழுவழுப்பாக நின்று, நிதானமாக மடியும். இதை சர்ஃபர்கள் ஆஃப்ஷோர் என்பார்கள். கடலிலிருந்து கரைக்கு வீசினால் அலையின் தலையைத் தட்டிச் சிதறடித்துவிடும், அது ஆன்ஷோர்.

இரவெல்லாம் நிலம் குளிர்ந்திருப்பதால் விடியற்காலையில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏறி நிலம் சூடானதும் திசை மாறிக் கடற்காற்று புகும். ஏப்ரலில் காலை 10, 11 மணிக்கே மாறிவிடுகிற நாட்கள் உண்டு. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருப்பதால் மதியம் தாண்டியும் கடற்காற்று வராமல் நிற்கும். வெயிலில் வாடும் சென்னைக்காரர்கள் "கடல் காத்து வந்துருச்சு" என்று நிம்மதி அடையும் நேரம்தான், நமக்கு அலை கெட்டுப்போகும் நேரம்.

ஆகவே கணக்கு எளிது. 6 மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும் என்றால் 5:30-க்குக் கரையில் இரு. "9 மணிக்குக் கிளம்பி, வழியில டிபன் சாப்பிட்டு" என்று திட்டம் போடுகிற கூட்டத்தோடு போகாதே.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேல்காற்று ரொம்பப் பலமாக அடிக்கும் ஆனி, ஆடி நாட்களில் அது உன்னையும் பலகையையும் கடலுக்குள் தள்ளும். காற்றடைத்த ரப்பர் பலகை, ஸ்டாண்ட்-அப் பேடில் பலகை இரண்டையும் அன்றைக்கு எடுக்கவே எடுக்காதே.

3. ஆப்பில் மூன்று எண்ணைப் படி

அலை முன்னறிவிப்பு தரும் ஆப்கள் நிறைய. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையமும் இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய ஆப்பின் பெயர் சமுத்ரா. எதைத் திறந்தாலும் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே. மூன்றையும் சேர்த்துப் படி.

*உயரம்:* நடுக்கடலில் அலை எத்தனை மீட்டர் என்பது. கரையில் இதே உயரம் இருக்காது.

*பீரியட்:* ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது. பலர் தவறவிடும் எண் இதுதான். 1 மீட்டர், 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பின சில்லறை அலை. அதே 1 மீட்டர், 14 விநாடி என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த அலை. கரையில் அது முன்னதைவிட உயரமாக எழும்பி, இரண்டு மடங்குக்கு மேல் வலுவோடு அடிக்கும். புதியவளுக்கு 1 மீட்டருக்குள் உயரமும் 10 விநாடிக்குள் பீரியடும் போதும்.

*திசை:* அலை எங்கிருந்து வருகிறது என்பது. தெற்கும் தென்கிழக்கும் நமக்குச் சாதகம். தென்மேற்கு என்று காட்டினால் ஆப்பில் பெரிதாகத் தெரிந்தாலும் இலங்கை மறைத்துவிடும். வடகிழக்கு என்றால் பெரும்பாலும் கலங்கல்.

இதோடு இன்னொன்றையும் மறக்காமல் பார்க்க வேண்டும்: கள்ளக்கடல் எச்சரிக்கை. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். எங்கோ தெற்கே பிறந்த நீண்ட அலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நாட்களில்தான். இன்காய்ஸ் அந்த அறிவிப்பைக் கொடுத்திருந்தால், கடல் கண்ணுக்கு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் இறங்காதே. இது மட்டும் விவாதத்துக்கு இடமில்லாத விதி.

4. நாள்காட்டியைக் கிழிக்கும்போது திதியைப் பார்

ஓதம் ஏறுவதும் வற்றுவதும் நாளைக்கு இரண்டிரண்டு முறை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி இருக்கிறதே, அது போதும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். நம் கரையில் ஏறத்தாழ 1 மீட்டர். அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. கேட்கச் சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் அலை, தன் உயரத்தைப் போல ஒன்றே கால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். 1 மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் தண்ணீர். அப்படியானால் தண்ணீர் 1 மீட்டர் இறங்கிவிட்ட இடத்தில் என்ன ஆகும் என்று நீயே யோசி: உடைகிற இடமே மாறிவிடும். காலையில் மணல்மேட்டில் அழகாக மடிந்த அலை, ஓதம் ஏறியதும் அங்கே உடையாமல் கடந்துபோய்க் கரையோரம் "தட்" என்று விழும். அந்தக் கரையோர அடியில்தான் கழுத்தும் தோளும் அடிபடும்.

புதியவளுக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்கள் நல்லவை. கடல் மணிக்கு மணி குணம் மாறாது. மற்ற நாட்களில் நடு ஓதத்தில் இறங்கப் பார். வற்றின நேரத்தில் பாறைப் பக்கம் போகவே போகாதே.

5. கரையில் 20 நிமிடம் சும்மா நில்

பலகையை மணலில் வைத்துவிடு. போனை உள்ளே வை. கடலைப் பார்த்துக்கொண்டு நில். நான் இன்றைக்கும் ஒருநாள்கூட விடாமல் செய்வது இது.

முதலில் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு இடுப்பளவு அலைகள் வந்து போகும். பத்து நிமிடம் கழித்துத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கருங்கோடு எழும். அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. அதுதான் செட். நான்கைந்து பெரிய அலை சேர்ந்தாற்போல் வந்து, கரையை இடித்துவிட்டு, மறுபடி அமைதியாகும். அந்த அமைதியை மட்டும் பார்த்து இறங்கினவர்களைத்தான் செட் வந்து உருட்டிவிடும். செட்டில் வருகிற பெரிய அலை எதுவோ, அதுவே அன்றைய கடலின் அளவு. அந்த அலை உன்மேல் விழுந்தால் தாங்குவாயா என்று கேட்டுக்கொள்.

அடுத்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார். தண்ணீரில் இருக்கும் ஒருவரைக் குறித்துக்கொள். அவருக்கு நேர் பின்னால் கரையில் என்ன இருந்தது, ஐந்து நிமிடம் கழித்து என்ன இருக்கிறது? தெற்கத்திக் காலத்தில் பெரும்பாலும் வடக்கே நகர்ந்திருப்பார்; வாடைக்காலத்தில் தெற்கே. கரையோரமாகப் போகும் இந்த நீரோட்டம் லேசானதில்லை. மணலை அள்ளிக்கொண்டு வடக்கே போகும் இதைச் சென்னைத் துறைமுகச் சுவர் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமாக வளர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. மண்ணையே நகர்த்துகிற நீரோட்டம் உன்னையும் நகர்த்தும். ஆகவே கரையில் தர்கா, கொடிக்கம்பம் என்று இரண்டு அடையாளத்தை மனதில் பதித்துக்கொண்டு இறங்கு. சில அலைக்கு ஒருமுறை திரும்பிப் பார்.

மூன்றாவது, கேள். ஃபைபர் போட் கரையேறும் இடத்தில் "அண்ணே, கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்லாமல் போக மாட்டார்கள். "உள்ளே கனமா இருக்கும்மா, மதியத்துக்கு மேல ஏறும்" என்று ஒரு வரி சொன்னால், எந்த ஆப்பையும்விட அதற்கு மதிப்புக் கொடு. மீன் ஏலம் எடுக்கக் காத்திருக்கும் அக்காக்களிடமும் கேள். எத்தனை போட் இன்றைக்குப் போகவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். போட் எல்லாம் மணலில் கிடக்கிறது என்றால் உன் பலகையும் மணலிலேயே கிடக்கட்டும்.

6. இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடு

* புதியவளுக்கு மணல் அடி உள்ள இடம் மட்டும்தான். கரை கடலுக்குள் நீளும் முனைப் பக்கம் பாறை அடி. தெற்கு அலை வரும் நாளில் அங்கே அலை வரிசையாக வடக்கே உரிந்துகொண்டு ஓடும். கரையைப் பார்த்து நிற்பவளுக்கு அது வலப்பக்கம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பலகையைத் திருப்பக் கற்ற பிறகு போகலாம்.
* கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளுக்கு அருகே இறங்காதே. கல் ஓரமாகத் தண்ணீர் கடலுக்குள் ஓடும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் கல் இல்லாத தூரம் நிறைய இருக்க வேண்டும்.
* போட் வரும் வழி, வலை இழுக்கும் இடம் இரண்டும் மீனவர்களுடையது. கரையேறும் போட் அலையோடு வரும். நினைத்த இடத்தில் நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். ஃபைபர் போட்கள் அப்போதும் போகும், வரும்.
* நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியில் உயிர்காப்பாளர்கள் உண்டு. ஆனால் குளிக்கிறவர்களுக்கு நடுவே பலகையோடு வரக்கூடாது. உன் பலகையின் முனை ஒரு குழந்தையின் நெற்றியில் பட்டால் போதும்.
* பலத்த மழைக்குப் பின் இரண்டு, மூன்று நாள் விட்டுவிடு. பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலில் கலக்கிறது. நகரத்துச் சாக்கடையும் அதோடு வரும். காது, கண், தோல் எல்லாவற்றுக்கும் கெடுதல்.

7. இழுப்பில் மாட்டினால்

அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போக வேண்டும். மணல்மேட்டுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் அந்த வழியாக ஆறு மாதிரி உள்ளே ஓடும். இருபுறமும் நுரை தள்ளிக்கொண்டிருக்க, நடுவே அலையே உடையாமல் கருநீலமாக ஒரு சந்து தெரிந்தால் அதுதான். நீந்தத் தெரியாதவர்கள் "இங்கே அலை இல்லை" என்று நினைத்துக் குழந்தையோடு இறங்குவதும் அங்கேதான். பார்த்தால் எச்சரித்துவிடு.

மாட்டிக்கொண்டால்:

* பலகையை விடாதே. அதுதான் உன் தெப்பம். மேலே படுத்துக்கொள், மூச்சை நிதானமாக்கு.
* கரையை நோக்கி நேராக எதிர்த்துத் துடுப்பு போடாதே. பலத்த இழுப்பை ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது.
* கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் நகர். வெள்ளை நுரை வந்ததும் அதுவே கரைக்குக் கொண்டுவரும்.
* முடியவில்லை என்றால் மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி அசை. உதவி கேட்க வெட்கப்படாதே.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் உன்னோடு வருபவர் போனில் பதிந்துவை. நீ தண்ணீரில் இருக்கும்போது உன் போன் பையில்தான் இருக்கும்.

8. உடை, முடி, நகை

நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பானது. தடித்த ரப்பர் உடை தேவையே இல்லை. முழுக்கை ராஷ் கார்டும் கணுக்கால்வரை நீச்சல் லெகிங்ஸும் போதும். வெயிலும் படாது, பலகை உரசித் தோலும் உரியாது. காட்டன் சுடிதார், துப்பட்டா, தளர்ந்த டீஷர்ட் மூன்றும் தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும், வேண்டவே வேண்டாம்.

கொலுசு, மெட்டி, மோதிரம், சங்கிலி, தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடு. பலகையைக் காலோடு இணைக்கும் கால் கயிறு கட்டும் இடத்தில் கொலுசு இருந்தால் பலகை இழுக்கும்போது தோலைக் கிழித்துவிடும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிவிடு. உப்பு முடியைச் சிக்காக்காது. ஆனால் தடவின கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெயும் சன்ஸ்கிரீனும் உள்ளங்கையில் இருந்தால் பலகையைத் தொட்டதும் வழுக்கும். முகத்துக்கு துத்தநாக ஆக்சைடு உள்ள, வெள்ளையாகத் தெரிகிற சன்ஸ்கிரீன் நல்லது. "கறுத்துப் போவே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வெயிலில் தோல் வெந்துபோகாமல் காப்பதுதான் நம் கவலை.

உடை மாற்ற அறை கிடைக்காவிட்டால் பழைய நைட்டி ஒன்று கைவசம் இருக்கட்டும். தலைவழியே மாட்டிக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

மாதவிடாய் நாளில் நாப்கின் தண்ணீரில் உதவாது. கப் பழகியவள் தாராளமாக இறங்கலாம். புதிதாக வாங்கியவள் என்றால் ஒன்றிரண்டு மாதம் வீட்டில் பழகிவிட்டு வா. வலியும் சோர்வும் இருந்தால் கரையில் உட்கார்ந்து கடலைப் படி, அதுவும் பயிற்சிதான்.

9. பலகையும் விழும் விதமும்

முதல் பலகை 8, 9 அடி நீளமுள்ள, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் சாஃப்ட் டாப்பாக இருக்கட்டும். சின்னப் பலகை படத்தில் அழகாக இருக்கும். தண்ணீரில் உன்னைத் தாங்காது. கால் கயிறு பலகையின் நீளமாவது இருக்க வேண்டும். இறங்கும் முன் அதன் முடிச்சையும் ஒட்டும் பட்டையையும் இழுத்துப் பார்.

பலகையை உனக்கும் அலைக்கும் நடுவே ஒருபோதும் வைக்காதே, பக்கவாட்டில் பிடி. விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக, பக்கவாட்டாக விழு. மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு வா. பலகை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

10. சொறிமீன் பட்டால்

சில வாரங்களில் சொறிமீன் கூட்டமாக வரும். கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தாலே புரிந்துகொள். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதே, குடிநீர் ஊற்றாதே. இரண்டும் விஷத்தை இன்னும் இறக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையைத் துணி சுற்றிய விரலால் மெல்லப் பற்றி எடு. பிறகு பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் 20 நிமிடம் வை. மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, முகம் வீங்கினாலோ நேராக மருத்துவமனை.

11. அலையில் மரியாதை

ஓர் அலைக்கு ஓர் ஆள். அலை முதலில் மடியத் தொடங்கும் இடத்துக்கு யார் பக்கமோ அவருக்குத்தான் உரிமை. அவர் எழுந்துவிட்டால் நீ பின்வாங்கு. உள்ளே போகும்போது மற்றவர் வரும் வழியில் குறுக்கே போகாமல் சுற்றிப் போ. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வணக்கம், ஒரு புன்னகை. அது அவர்கள் முற்றம்.

அதே சமயம், பெண் என்பதால் ஒவ்வொரு அலையையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்காதே. உன் முறை வந்தால் "என் அலை!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஏறு. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, தேசியப் போட்டிகளில் வென்ற கமலி மூர்த்தி இதே கரையோரத்தில் வளர்ந்தவர்தான். இந்தக் கடலில் உனக்கும் பங்கு உண்டு.

12. வீட்டில் எப்படிச் சொல்வது?

மறைத்துப் போகாதே. முதலில் குளத்தில் நிற்காமல் 100 மீட்டர் நீந்தவும், தரை தொடாமல் 5 நிமிடம் மிதக்கவும் கற்றுக்கொள். அதை அம்மா, அப்பாவிடம் செய்து காட்டு. முதல் வகுப்புக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. பயிற்சியாளரையும் கால் கயிற்றையும் மணல் அடி உள்ள இடத்தையும் காட்டு. "அலை 1 மீட்டருக்குள்ள, காத்து மேற்கே இருந்து, 9 மணிக்குள்ள வெளியே வந்துடுவேன்" என்று காரணத்தோடு பேசும் மகளைப் பார்த்தால் பெற்றவர்களின் பயம் பாதி குறையும். மீதிப் பாதி, சொன்ன நேரத்தில் நீ வெளியே வரும்போது குறையும்.

13. இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்று வேண்டாம்

* கள்ளக்கடல் அறிவிப்பு, அல்லது துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு, ஒன்றாம் எண்ணாக இருந்தாலும் சரி.
* இடி, மின்னல்.
* மீனவர்கள் போகவில்லை.
* செட் அலை உன் தலைக்கு மேல்.
* தண்ணீர் பழுப்பாக, நாற்றமாக இருக்கிறது.
* உன்னோடு இறங்க யாருமே இல்லை.
* காய்ச்சல், தூக்கமின்மை, வெறும் வயிறு.
* மனசுக்குள் ஏதோ ஒன்று "வேண்டாம்" என்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் அதைக் கேள்.

கூட வந்தவர்கள் "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுப்பார்கள். பெட்ரோல் காசுக்காகக் கடலில் இறங்கத் தேவையில்லை. கரையில் இருந்து 20 நிமிடம் படித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுத் திரும்பு.

14. ஒரு நோட்டுப் போடு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு. 40 பக்க நோட்டு ஒன்று போதும். போகிற ஒவ்வொரு முறையும், இறங்கினாலும் இறங்காவிட்டாலும், ஐந்து வரி எழுது:

தேதி, திதி. ஆப்பில் சொன்ன உயரம், பீரியட், திசை. கரையில் நீ பார்த்த செட் எவ்வளவு. காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மாறியது. எந்த இடத்தில் இழுத்தது, எந்த இடத்தில் நன்றாக மடிந்தது.

சில மாதங்களில் ஆப் காட்டும் எண்ணைப் பார்த்தவுடன் கோவளத்தில் அது எப்படி இருக்கும் என்று உனக்கே விளங்கும். மணல்மேடு மழைக்குப் பின் எங்கே நகர்ந்தது, எந்தத் திதியில் எந்த நேரம் உனக்குச் சரிப்பட்டது என்பதெல்லாம் வேறு எங்கேயும் கிடைக்காது. உன் கையெழுத்தில் மட்டும்தான் இருக்கும். அடுத்த வருடம் இன்னொரு பெண் உன்னிடம் வந்து "அக்கா, எந்த ஞாயித்துக்கிழமை போகலாம்?" என்று கேட்பாள். அந்த நோட்டை அவள் கையில் கொடு.